பந்தோடு வருகிறவளை மறிப்பது

1

போடியில் என்னோடு பிளஸ் டூ படித்தவர்களுக்கென்று ஒரு வாட்சப் குழு இருக்கிறது. காலை வணக்கம், பிள்ளைகளின் மார்க், யார் வீட்டுக் காதணி விழா என்று ஓடிக்கொண்டிருக்கும். சென்ற மாதம் அதில் என் படம் ஒன்றைப் போட்டேன். முழங்காலில் உறை, மார்பில் பதினேழாம் எண், நெற்றியில் ஒட்டிக் கிடக்கும் முடி. "ஈஸ்வரி, இது ஒம் மக பனியனா?" என்று ஒருத்தி கேட்டாள். என்னுடையதுதான் என்று பதில் போட்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும் குழுவில் வேறு பேச்சு நடக்கவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது என்பதால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

நான் ஆடுவது ஹேண்ட்பால். நம் ஊரில் கைப்பந்து என்றால் வலை கட்டி ஆடும் வாலிபால், இது அதில்லை. கால்பந்தைக் கையால் ஆடினால் எப்படியோ அப்படி. அணிக்கு ஏழு பேர், இரண்டு பக்கமும் கோல். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு; கோல் காப்பவரைத் தவிர யாரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தப்படிக்கு மேல் போகக் கூடாது. எதிரணி பந்தோடு வந்தால் ஆறு பேரும் அந்தக் கோட்டோரம் வரிசையாக நின்று உடம்பால் மறிக்க வேண்டும். உடம்பால் என்றால் நிஜமாகவே உடம்பால்.

ஸ்வீடனில் இந்தச் சிறிய ஊருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. நாற்பத்து நான்கு வயதில் இதைக் கற்றுக்கொள்ளப் போனது ஆசைப்பட்டு இல்லை, ஆத்திரப்பட்டு.

என் மகள் மதிக்குப் பதினைந்து வயது. ஏழு வயதிலிருந்து ஹேண்ட்பால் ஆடுகிறாள். இங்கே ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் மேல்நிலைப் படிப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டும். அவள் தேடிக்கொண்டது ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பள்ளியை. பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் ஹேண்ட்பால். பிள்ளைகள் வாடகை அறைகளில் தாங்களே சமைத்துக்கொண்டு இருப்பார்களாம். பதினாறு வயதில்.

விண்ணப்பத்துக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். இங்கே கையெழுத்தென்றால் பேனா கிடையாது. தொலைபேசியில் ஆறு எண்களைத் தட்டினால் அதுதான் கையெழுத்து. என் கணவர் குமார் காபி ஆறுவதற்குள் தட்டிவிட்டார். நான் தட்டவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரே வாசகம் நின்றது: 'இரு காப்பாளர்களில் ஒருவர் ஒப்புதல் அளித்துள்ளார். மற்றவருக்காகக் காத்திருக்கிறோம்.' கடைசி நாள் பிப்ரவரி நடுவில். அப்போது செப்டம்பர்.

"ஒரு பந்துக்காகப் பிள்ளைய அத்துவானத்துல கொண்டுபோய் விட்டுட்டு நான் இங்க நிம்மதியா சோறு திங்கவா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

மதி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒனக்கு அதுல ஒண்ணுமே தெரியாதும்மா. ஒரு நாளாச்சும் அந்தப் பந்தத் தொட்டிருக்கியா?"

மதி பேசும் தமிழ் முழுக்க என்னிடம் எடுத்தது. போடியை நாலைந்து லீவில் மட்டும் பார்த்தவள், பக்கத்துச் சிலமலையிலேயே பிறந்தவளைப் போல இழுத்துப் பேசுவாள். இரண்டு வருடமாக அதுவும் குறைந்துவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். சண்டைக்கு மட்டும் தமிழ் வரும். அன்று வந்தது.

மறுநாளே அவளுடைய சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, 'பெண்கள், தொடக்கநிலை, வயது வரம்பில்லை' என்று இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

2

பெயரைப் போட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அதற்கு மூன்று வாரம் ஆனது. ஏற்கெனவே மதியின் தாயாக அந்தக் கணினிக்கு என்னைத் தெரியும். ஆகவே நான் எத்தனை முறை 'வீராங்கனை' என்று பதிந்தாலும் அது என்னைப் பிடித்து 'காப்பாளர்' பட்டியலில் கொண்டுபோய்ப் போட்டது. மூன்றாவது தடவை ஒரு வழியாக வீராங்கனையாக ஏற்றுக்கொண்டு, உடனே கேட்டது: உங்கள் காப்பாளர் யார்? அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடவில்லை. எரிச்சலில் மதியின் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டேன்.

கணினி அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. இன்றுவரைக்கும் என் பயிற்சி பற்றிய எல்லாத் தகவலும் மதியின் போனுக்குத்தான் போகிறது. "ஒனக்கு இன்னைக்குப் பயிற்சி கெடையாதாம்," என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும். ஒரு நாள், "ஒன் சந்தா இன்னும் கட்டலையாம். பொறுப்பே இல்ல," என்றாள். அந்த வாரத்தில் அவள் என்னிடம் தமிழில் பேசியது அந்த ஒன்றுதான். திருத்தச் சொல்லி நான் அலுவலகத்துக்கு எழுதவே இல்லை.

எங்கள் பயிற்சியாளர் கெர்ஸ்டின், அறுபதைத் தாண்டியவர், தபால் பிரித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். குழுவில் பன்னிரண்டு பேர். அதில் அனிட்டா என்கிற பஸ் ஓட்டுநர் உருவத்தில் என்னைவிட ஒன்றரை மடங்கு. முதல் நாள் பந்தை என் பக்கம் எறிந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். மூக்கில் பட்டது.

ஆனால் விரல்கள் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டன. பெண்களுக்கான பந்து சின்னது, பிடி நழுவாமலிருக்க விரலில் பிசின் தடவிக்கொள்வார்கள். பயிற்சி முடிந்து போனால் கைப்பிடி, ஸ்டியரிங் எல்லாம் ஒட்டும். மற்றவர்கள் அதற்கு முகம் சுளித்தார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பள்ளி லீவு விட்டால், மலைமேல் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த ஏலக்காய் எஸ்டேட்டில் நானும் காய் எடுக்கப் போயிருக்கிறேன். ஏலச் செடியின் தூரில் உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் நுனிவிரலால் கிள்ளி எடுத்தால் சாயங்காலம் விரல் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்போம். இங்கே அதற்கென்று தனிக் களிம்பு விற்கிறார்கள்.

ஏலக்காய் பேச்சை எடுத்ததால் ஒன்று. இந்த நாட்டுக்காரர்களுக்கு ஏலக்காய் ரொட்டி இல்லாமல் காபி இறங்காது. மதியின் அணி ஆடும் நாட்களில் பெற்றோர் முறைவைத்துக் கடை போட வேண்டும். நான் ரொட்டி அடுக்குகிறபோது ஒரு தாய் வந்து, "ஈஸ்வரி, இந்த ஏலக்காய் உன் ஊரிலிருந்து வந்ததுதானே?" என்று அன்பாகக் கேட்டார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். குவாத்தமாலா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எதற்காகப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் முடிவதற்குள் பந்தைப் பிடித்தேன், எறிந்தேன், மூன்று தப்படியை எண்ணக் கற்றேன். ஒரு கோல் கூடப் போட்டேன். மறிக்க மட்டும் வரவில்லை.

3

மறிப்பது எப்படி என்று கெர்ஸ்டின் படம் வரைந்து காட்டினார். முழங்காலை மடக்கு, கையை நெஞ்சுக்கு முன்னால் வை, வருகிறவளுக்கு எதிரே போய் நில். எல்லாம் புரிந்தது. பந்து இல்லாமல் ஒருத்தி வந்தால் சரியாக நிற்பேன். பந்தோடு வந்தால், அவள் என்னைத் தொடுவதற்கு முன்பே என் கால் ஒரு தப்படி பக்கவாட்டில் போய்விடும். அவள் அந்த வழியே நுழைந்து கோல் போடுவாள். பயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அனிட்டா மெதுவாக வந்து பார்த்தார், நடந்தே வந்து பார்த்தார். அவர் கையில் பந்து இருந்தது, நான் ஒதுங்கினேன்.

"நீ பயப்படவில்லை," என்றார் கெர்ஸ்டின். "முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. விருந்தாளிக்குக் கதவு திறந்துவிடுகிற மாதிரி மரியாதையாக ஒதுங்குகிறாய். ஏன்?"

எனக்கே தெரியவில்லை. நவம்பரில் ஒரு காலை தம்பி செல்வம் கூப்பிட்டான். அவன் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் இருக்கிறான். தினம் விடியும் முன்பே ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம் எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது அவன் சோலி. நடுவில் கிடைக்கும் நேரத்தில் போனுக்கு ரேஞ்சு வரும் பாறையைத் தேடி ஏறிக்கொண்டு என்னைக் கூப்பிடுவான். நடந்ததைச் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "ஒனக்கு எதுக்குக்கா இந்த வயசுல இந்தச் சோலி? இடுப்பு ஒடிஞ்சா மச்சானா கஞ்சி காச்சித் தருவாரு?" அப்புறம், "மறுபடி சொல்லு. கையில பந்து இருந்தாத்தான் ஒதுங்குறியா?" என்றான்.

"ஆமடா. வெறுங்கையோட வந்தா நிக்கிறேன்."

"அட, லோடுக்கா."

"என்னது?"

"லோடு வந்தா ஒதுங்குவோம்லக்கா. நீ இன்னும் நம்ம ஒத்தையடிப் பாதையிலதான் நிக்கிற."

அவன் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஏலத் தோட்டத்தில் பாதை என்பது சரிவில் ஓர் ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பறித்த பச்சைக் காயைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்து, உலர்த்துகிற ஸ்டோருக்குத் தூக்கிப் போவார்கள். தலையில் சாக்கு இருப்பவரால் குனிந்து காலடியைப் பார்க்க முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. அதனால், எதிரே 'லோடு' என்று குரல் வந்தால் வெறுங்கையோடு இருப்பவர் ஒதுங்கிப் பள்ளத்துப் பக்கம் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேட்டுப் பக்கம் சுமைக்காரருக்கு. வயது, சாதி, சம்பளம் எதுவும் இதில் கிடையாது. மலையாளத்தில் எங்களை ஓயாமல் ஏசிக்கொண்டிருக்கும் மேனேஜரும் என் அம்மா சாக்கோடு வந்தால் பள்ளத்துப் பக்கம் இறங்கி நிற்பார். நாங்கள் நடக்கப் பழகும்போதே ஒதுங்கவும் பழகிவிட்டோம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை.

பதினெட்டு வருடம் பனியில் நடந்தும் என் கால் அதை விடவில்லை. பந்தும் சுமைதான் என்று அதுவே முடிவுசெய்துகொண்டிருக்கிறது.

அடுத்த பயிற்சியில் எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் கெர்ஸ்டினுக்கு இதை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல பழக்கம். இந்தக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொள்," என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் கடைசிப் பதினைந்து நிமிடம் எனக்கென்று ஒதுக்கினார். அனிட்டா ஒரு துணிப்பையில் பந்தைப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். நான் ஒதுங்காமல் நிற்க வேண்டும். மனசுக்குள் அது பெரிய பாவம் மாதிரி இருந்தது. முதன்முதலாக நான் நகராமல் நின்று அவர் என்மேல் மோதிக் கீழே விழுந்த அன்று, எல்லாரும் கைதட்டினார்கள். நான் அவரைத் தூக்கிவிட்டு நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் விண்ணப்பம் அப்படியே கிடந்தது. குமார் கோயம்புத்தூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். ஜனவரியில் ஒரு நாள், "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க, ஈஸ்வரி. பாவம், புள்ள தினமும் அந்தப் பக்கத்தத் தொறந்து பாத்துட்டிருக்குதுங்க," என்றார். என்னால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பாதுகாப்பு, படிப்பு என்று பேசினேன். உண்மை அதுவல்ல. மதி போய்விட்டால் அந்த வீட்டில் என் போடிப் பேச்சைப் பேச ஆள் கிடையாது. சண்டைக்குக்கூட. அவளும் அங்கே அந்தப் பேச்சு இல்லாமல் மூன்று வருடம் இருந்தால் திரும்பி வரும்போது எனக்கு யாராக இருப்பாள் என்று பயந்தேன். இதை யாரிடம் சொல்வது?

4

பிப்ரவரியில் சங்கத்தின் வழக்கப்படி, தொடக்கநிலைப் பெண்களுக்கும் மதி ஆடும் இளம்பெண்கள் அணிக்கும் ஒரு விளையாட்டுப் போட்டி. விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மதியும் நானும் பத்து நாளாகப் பேசவில்லை. என் போட்டி நேரத்தை மட்டும் காப்பாளர் என்ற முறையில் எனக்கு அனுப்பியிருந்தாள்.

மதியின் அணிப் பெண்கள் எங்களைத் துவைத்து எடுத்தார்கள். அவர்கள் ஓடுவது காலால் இல்லை, வேறு எதனாலோ. இரண்டாம் பாதியில் மதி நடுவிலிருந்து பந்தோடு வந்தாள். எங்கள் வரிசையில் அனிட்டாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு சந்து. அவள் கண் அங்கேதான் இருந்தது. என் கால் ஒதுங்கவில்லை. எதிரே போனேன், நெஞ்சில் வாங்கினேன். மூச்சு அடைத்தது. அதுவரைக்கும் சரி.

பிறகு இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அது விதியில் கிடையாது. விசில் அடித்தார்கள். அது என் காதில் விழுந்தது, விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். விடவில்லை. அவள் பந்தைக் கீழே போட்டுவிட்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் கையில் தெரிந்தது. அவளை நான் கட்டிப் பிடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா," என்றாள் காதருகே, மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."

விட்டேன். நடுவராக நின்றவர் ஒரு பிள்ளையின் அப்பா; சங்கடத்தோடு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நிமிடம் வெளியே. என் அணி பெஞ்சில் ஒரே ஆரவாரம். ஒதுங்கியே பழகிய ஈஸ்வரிக்கு முதல் தண்டனை என்று. கெர்ஸ்டின் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

அந்த இரண்டு நிமிடம் நான் மதி ஆடுவதைப் பார்த்தேன். எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; அடிபடாமல் ஆடுகிறாளா என்பதை மட்டும். இப்போது எனக்குக் கொஞ்சம் ஆட்டம் தெரியும். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று அவள் முடிவுசெய்துவிடுவது தெரிந்தது. தான் போடக்கூடிய கோலை ஓரத்தில் நின்ற ஒரு பயந்த பெண்ணுக்குக் கொடுத்து, அவள் தவறவிட்டதும் அடுத்த பந்தையும் அவளுக்கே கொடுத்தாள். இது ஒரு பந்துக்காக இல்லை என்று எனக்குப் புரிந்தது. இனி மறுப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

போட்டி முடிந்து உடைமாற்றும் அறைக்கு வந்ததும், பிசின் ஒட்டிய விரலால் ஆறு எண்களைத் தட்டினேன்.

5

காரில் மதி முன்பக்கம் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்து காதில் பாட்டை மாட்டிக்கொள்வாள். நான் வண்டியைக் கிளப்பும் முன் அவள் போன் சிணுங்கியது. பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"போட்டுட்டியா?"

"ம்."

சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் சின்னப் பிள்ளையில் ஊசி போடக் கூட்டிப்போன அன்று இருந்த மாதிரி ஆனது.

"நீ போட மாட்டேன்னு நெனச்சேன்," என்றாள். "அந்தத் தைரியத்துலதாம்மா விண்ணப்பமே போட்டேன். எப்பிடியும் நீ விட மாட்டன்னு."

அழத் தொடங்கினாள். அந்தப் பக்கத்தில், கடைசி நாள்வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒரு நிமிடம் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போகணும்னு ஆசை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு," என்றேன்.

"இருக்கு. பயமாவும் இருக்கு."

அப்போது அவளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். குமாருக்கும் தெரியாது. பதினாறு வயதில் நான் மலையிலிருந்து போடி ஹாஸ்டலுக்கு இறங்கிய நாள். நானேதான் அடம்பிடித்துக் கேட்டிருந்தேன். ஆனால் ஜீப்பில் ஏறும்போது, இருக்கட்டும் ஆத்தா, போக வேணாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று கடைசிவரைக்கும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பெட்டியை மேலே ஏற்றிக் கயிறு கட்டினார். இறுகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

"அந்தக் கோவத்துல ரெண்டு வருஷம் அவருகூட மொகங்குடுத்துப் பேசல," என்றேன்.

மதி மூக்கைத் துடைத்தாள். "அதுக்கப்புறம்?"

"பேசுனேன்."

"நானும் ஓங்கூடப் பேச மாட்டேனா இருக்கும்."

"பேசாத. ஆனா வாராவாரம் போனப் போட்டுப் பேசாம இரு."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரங்கத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அனிட்டா சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார், கையசைத்தார். நான் வண்டியைக் கிளப்பி முதல் திருப்பம் வந்த பிறகு மதி கேட்டாள்:

"எந்தக் கெழம?"